வெள்ளை விளிம்பு நந்தியாவட்டை

வயர்மேன் ஊர் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் கொடுப்பார். தன் வீட்டுச் சமையலறை பல்பை மாற்ற ஒரு மாதம் இழுத்தடிப்பார். அப்படிப்பட்டவர் அந்த நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் ஒருநாளும் சோம்பியதில்லை. இலைக்கு இலை வெள்ளை விளிம்பு கட்டிய செடி. நர்ஸ் வேலைக்காகக் கடல் தாண்டிப் போகும் முந்தின வாரம் அவர் மனைவி குச்சியாக ஊன்றியது.

"காயப் போட்டுடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ரெண்டு வருஷம் என்றுதான் பேச்சு. நாலாகிவிட்டது.

இந்த வருஷம் அடித்தூரிலிருந்து முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பியது. மற்றவை நோஞ்சானாக நிற்க, இது கிடுகிடுவென்று ஆள் உயரம் போயிற்று. வயர்மேனுக்குப் பெருமை தாங்கவில்லை. செல்போனில் மனைவிக்குக் காட்டினார்.

"ஐயோ, என்னங்க இது! உடனே வெட்டுங்க."

"நல்லா வளர்றதைப் போய் வெட்டச் சொல்றியே?"

"வெள்ளை இலைக்குத் தெம்பு கம்மிங்க. விட்டா பச்சையே எல்லாத்தையும் இழுத்துக்கும்."

அவள் வைத்த செடியில் கத்தி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளிப் போட்டார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாதிச் செடி பச்சையாகிவிட்டது. வெள்ளை விளிம்புக் கிளைகளில் ரெண்டு காய்ந்தே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைக் கிளையை அடியோடு அறுத்தார். கையெல்லாம் பால்.

அன்று மாலையே அவள் கூப்பிட்டாள். "இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

ஒவ்வொரு தடவையும் "உன் இஷ்டம்மா" என்பார். இன்று விரலில் காய்ந்திருந்த பாலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"வேண்டாம். வந்துடு. என்னால முடியல."

எதிர்முனையில் அழுகை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நீங்க சொல்லுவீங்கன்னுதானே ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வர நாலு மாதம் ஆகும். நாலு வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. இந்த நாலு மாதம்தான் நகர மாட்டேன் என்கிறது. வேலைக்குப் போன வீடுகளில் ஏணி மேல் நிற்கும்போதும் கண் காலண்டரைத் தேடுகிறது.

நேற்றுக் காலை செடியில் ஒரு பூ விரிந்தது. அவள் வருவதற்குள் உதிர்ந்துவிடும் என்று வயர்மேனுக்குத் தெரியும். பறிக்கவில்லை; போட்டோ எடுக்கவும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றுவிட்டு, தாமதமாக வேலைக்குப் போனார்.