வெண்ணெய்க் கிருஷ்ணன் எந்த ஊர்க்காரன்?

தஞ்சாவூரில் காலை ஏழு மணி பஸ். மன்னார்குடி நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய ஓவியங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறவன் நான். யார் வீட்டிலாவது தஞ்சாவூர்ப் படம் இருக்கிறதென்றால் எனக்குக் கால் தரிக்காது. வடுவூர் தாண்டியதும் இருபுறமும் சம்பா நடவு. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி என் தோளில் சரிந்ததில், வயல் பார்க்கத் திரும்பியவனுக்கு அவர் வழுக்கைதான் கிடைத்தது.

மன்னார்குடியிலிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். விவசாயி கலியபெருமாள் வாசலிலேயே காத்திருந்தார்.

"வாங்க சார். படம் எந்தக் காலத்துதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவர் மனைவி சரோஜாவுக்கு வேறு கவலை. பெங்களூரில் மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. இவரால் போக முடியாது. தடை அந்தப் படமேதான். பூஜை அறையில் தவழ்கிற கிருஷ்ணனுக்குத் தினமும் புதிதாகக் கடைந்த வெண்ணெய் படைக்க வேண்டும், வீட்டுப் பெண்தான் கடைய வேண்டும், ஒருநாளும் நிற்கக் கூடாது. மாமியார் காலமானதிலிருந்து சரோஜா ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை.

"ஆம்பளைங்க கடையக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"வழக்கமில்லைங்க," என்றார் கலியபெருமாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காபி கொடுத்த வீடாயிற்றே என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

ஒரு முழ உயரப் படம். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சால் நகைகளைப் புடைத்து எழுப்பி, மேலே தங்கரேக்கு. நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

"இந்தப் பெரிய கண்ணும் கொழுகொழு உடம்பும் தெலுங்கு தேசத்துலேருந்து வந்த ஓவியர்களோட கைவழி. யசோதையோட புடவைக்கட்டு மராட்டியம். திரைச்சீலை, தொங்குவிளக்கு எல்லாம் வெள்ளைக்காரன் அச்சுப்படத்தைப் பார்த்துப் போட்டது. பூப்போடுற இந்தக் குழந்தைங்களுக்கு இறக்கை இருக்கு பாருங்க, இதுங்க கப்பலேறி வந்ததுங்க. நூறு வருஷத்துக்கு மேலயே இருக்கும்."

"கேட்டியா சரோஜா?" கலியபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லாவே கேட்டேங்க. கண்ணு தெலுங்கு தேசம், புடவை மராட்டியம், இந்தப் புள்ளைங்க கடல் தாண்டி வந்துருக்கு. இவன் என்கூட பெங்களூர் வர்றதுக்கு மட்டும் என்ன?"

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். "படம் தாங்குமா சார்?"

பழைய படத்தை இடம்விட்டு அசைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். சரோஜாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்வையில சுத்தி நிமிர்த்தி வெச்சா தாராளமா தாங்கும்," என்றேன். தொழில்காரர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். வரட்டும்.

"அங்க வெண்ணெய்க்கு என்ன பண்ணுவ?"

"தயிர் கிடைக்காத ஊரா அது? மத்தை எடுத்துட்டுப் போறேன்."

மாலையே கார் வந்தது. என்னைத் தஞ்சாவூரில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. கிருஷ்ணன் போர்வைக்குள், சரோஜாவின் மடியில். மத்து என் காலடியில். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கலியபெருமாள் கார்க் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"அப்ப எனக்கு யாரு சோறாக்குறது?"

சரோஜா போர்வையைச் சரிசெய்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க. பாவம், இந்தப் பச்சப்புள்ளைய இத்தனை வருஷம் எனக்குக் காவல் வெச்சிருக்க வேணாம்."