கணக்கெடுப்பு நாளில் பூட்டிய ஏழு கதவுகள்

இராமலெட்சுமியை நான் முதலில் கண்டது ஒரு முறைப்பாட்டு விசாரணையில். 1997ஆம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை ஒரு வீதித் திட்ட அலுவலகம் மொழிபெயர்க்கக் கூப்பிட்டது. நாள் சம்பளம்தானே என்று போனேன். அங்கே கண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

திட்டம் பெரியது. ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் லொறிகள் போக அகலமான வீதி. அதன் அருகே நாறிக் கிடந்த கால்வாயைத் தூர்வாரி இரண்டு கரையும் கட்டுதல். வெளிநாட்டு வங்கியொன்றின் கடன். வங்கியைக் குறை சொல்ல முடியாது. கரையில் இருக்கும் ஒரு குடும்பத்தையும் தெருவில் விடக்கூடாது, காணி உறுதிப் பத்திரம் இல்லாவிட்டாலும் வாடகைக்கு இருந்தாலும் மாற்று வீடு கொடுக்கவேண்டும் என்று தடித்த புத்தகமே போட்டிருந்தது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? யார் குடும்பம், யார் இல்லை என்பதை ஒரே ஒரு நாள் கணக்கெடுப்புத் தீர்மானிக்கும். அன்று எண்ணப்பட்டவருக்குத் தொடர்மாடியில் வீடு. எண்ணப்படாதவர் அந்தக் கரையில் ஒருநாளும் இருந்ததே இல்லை!

இராமலெட்சுமிக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போய் இறந்தவர். பிள்ளைகள் இல்லை. பக்கத்துக் களஞ்சியங்களிலிருந்து வரும் கிழிந்த சாக்குகளை வாசலில் இருந்து தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். கை ஊசியில் இருக்கும், வாய் ஊரில் இருக்கும். அந்தக் கரையிலேயே பிறந்தவர் என்பதால் அடையாள அட்டையில் அந்த முகவரி இருந்தது. சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எழுத்து மட்டும் வாசிக்கத் தெரியாது, தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார், அவ்வளவுதான்.

அந்த ஒழுங்கையில் மற்ற ஏழு வீடுகளிலும் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். குண்டுத் தாக்குதலில் எண்ணெய்க் குதங்கள் எரிந்ததிலிருந்து தமிழரைத் தேடும் பொலிஸ் செக்கிங்குக்குக் கணக்கில்லை. வெளியூரிலிருந்து வந்த தமிழர் பொலிஸில் பெயர் பதியவேண்டும் என்றது சட்டம்; பதியப் போனவனை அங்கேயே மறித்து வைத்தார்கள். பதிந்த துண்டைக் காட்டியவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு யார்தான் பதியப் போவான்? இராமலெட்சுமி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒழுங்கை முனையில் காக்கிச் சட்டை தெரிந்தால் ஏழு ஆமைப்பூட்டுகளோடு ஓடுவார். ஆட்கள் உள்ளே, பூட்டு வெளியே. திறப்புகளைச் சாக்குக் குவியலுக்குள் செருகிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலத் தைத்துக்கொண்டிருப்பார். எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள் மாத்தயா என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிவிடுவார். இரண்டு வருடத்தில் அந்த ஒழுங்கையிலிருந்து ஒருவரையும் கொண்டுபோக அவர் விடவில்லை.

கணக்கெடுப்பு ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. அறிவித்தலைக் கிராம சேவகரின் அலுவலகச் சுவரில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருந்தார்கள். வந்த நான்கு பேருக்கும் தமிழ் ஒரு சொல் தெரியாது. பாதுகாப்புக்கென்று கூடவே துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை; கேள்விகளும் பொலிஸ் கேட்கும் அதே கேள்விகள்: பெயர் என்ன, எத்தனை பேர், எங்கிருந்து வந்தவர்கள். இதை வீடு கொடுக்க வந்த கூட்டம் என்று எந்தத் தமிழன் நினைப்பான்? இராமலெட்சுமி வழக்கம்போல் ஏழு கதவையும் பூட்டினார். ஒரு வீட்டின் உள்ளே நாகேஸ்வரி என்பவர், இருமல்காரத் தாயின் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தாராம். வந்தவர்கள் இராமலெட்சுமியின் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்ற ஏழுக்கும் ‘ஆளில்லாத வீடு’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதத்தில் பட்டியல் வந்தது. விஷயம் விளங்கியதும் ஏழு குடும்பமும் கிராம சேவகரைப் பிடித்துப் பொலிஸிலும் பதிந்து, முறைப்பாடும் எழுதிக் கொடுத்தன. அந்த விசாரணைக்குத்தான் நான் போனேன்.

"நாங்கள் உள்ளுக்குத்தான் இருந்தனாங்கள் சேர். பயத்தில சத்தம் போடேல்லை" என்றார் நாகேஸ்வரி.

உள்ளே இருந்தவர்கள் வெளியே எப்படிப் பூட்டினீர்கள் என்று கேட்டார் திட்ட அதிகாரி. நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, பின்வரிசையிலிருந்து இராமலெட்சுமி எழும்பினார்.

"நாந்தான் பூட்டுனேன். அவங்கள கேக்காதீங்க, என்னய கேளுங்க."

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். அதை எழுத்தில் தந்தால் பட்டியலைத் திருத்தலாம், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மொழிபெயர்ப்பதுபோல் குனிந்து இராமலெட்சுமியிடம் சொன்னேன்.

"அம்மா, இது பொலிசுக்குப் போகும். பதியாத ஆக்களை ஒளிச்சு வைச்சதெண்டு உங்களைத்தான் பிடிப்பினம்."

"நா கையெழுத்து வைக்கலன்னா?"

"ஏழு வீடும் இல்லை."

"பொறகு என்ன மாஸ்டர் கேள்வி? பேனாவ குடுங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் கையெழுத்து வைத்தார். ஏழு பெயரும் பட்டியலில் ஏறின. ஒன்பதாம் நாள் பொலிஸார் வந்து இராமலெட்சுமியைக் கொண்டுபோனார்கள். அவசரகாலச் சட்டம், காரணம் கேட்க ஆளில்லை. இருபத்துமூன்று நாள் வைத்திருந்தார்கள். அதற்கிடையில் தொடர்மாடி வீடுகளின் திறப்புக் கொடுக்கும் விழா வந்தது. பந்தல் போட்டு, விளக்கேற்றி, பெயர் கூப்பிட்டார்கள். இராமலெட்சுமியின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டு விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாளே அதிகாரியிடம் போனேன். வீட்டுக்குரியவர் நேரில் வரவேண்டும், அது விதி என்றார்.

"நீங்கள் அனுப்பிய தாளால்தானே அவர் வர முடியாமல் கிடக்கிறார்?"

"அது பொலிஸ் விஷயம். இது வங்கி விஷயம்."

வங்கியின் புத்தகத்தை வரிவரியாகத் தேடினேன். அப்படி ஒரு விதி இல்லவே இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே! பூசாரி அந்த வீட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கென்று கேட்டேன், சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னை வேலைக்கும் கூப்பிடவில்லை.

இராமலெட்சுமி விடுதலையாகி வந்தபோது கரையில் ஒரு சுவரும் இல்லை. டோசர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருந்தது. நாகேஸ்வரிதான் தன் தொடர்மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குசினி ஓரத்தில் ஒரு பாய் அளவு இடம்.

சில மாதத்தின் பின் திட்ட அறிக்கையை எங்கோ பெற்று வாசித்தேன். அகலமான வீதியின் படம். ‘பாதிக்கப்பட்ட அனைத்துக் குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டன’ என்று ஒரு வரி. அச்சடித்த பொய்! அதை எடுத்துக்கொண்டு இராமலெட்சுமியிடம் போய் வாசித்துக் காட்டினேன். நேரே வங்கிக்கே ஒரு கடிதம் எழுதுவோம், பணிவாக ஒரு வீடு கேட்போம் என்றேன்.

அவர் சாக்கை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"பணிவெல்லாம் வேணாம் மாஸ்டர். நா சொல்றத அப்பிடியே எழுதுங்க. ஏழு வீட்டப் பூட்டுனது யாருன்னு கேட்டீங்க, பேரு போட்டு கையெழுத்து வச்சி குடுத்தேன். என்னய இருபத்துமூணு நாளு பூட்டி வச்சது யாருன்னு, அவங்களும் பேரு போட்டு கையெழுத்து வைக்கட்டும்."