என் அம்மாவைச் சொந்தம் கொண்டாடியவள்

ஓசூரில் பிபிஏ படித்த மூன்று வருடமும் ரேகாதான் என் உயிர்த்தோழி. எங்கள் ஊரான வேப்பனப்பள்ளியில் அம்மா மாங்காயை வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்து நொந்ததையும், நான் வகுப்பில் படித்ததை வைத்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி வாசலில் நறுக்கி விற்கச் சொன்னதையும் அவளிடம் மட்டுமே சொல்லியிருந்தேன்.

கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் எங்களைச் சேர்த்து உட்காரவைத்து, "படிச்சத எங்கயாவது பயன்படுத்தினீங்களா?" என்று கேட்டார்கள்.

ரேகா முந்திக்கொண்டாள். "எங்கம்மா மாங்கா விக்கறாங்க சார்..."

முழுக் கதையையும் கண் கலங்கச் சொன்னாள். அவளுடைய அம்மா பள்ளி ஆசிரியை.

என் முறை வந்தபோது பாடப்புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். அம்மாவின் கதையைச் சொன்னால் திருடியவள் நான் என்றாகிவிடும்.

வெளியே வந்ததும், "எங்கம்மாவ எதுக்குடி உங்கம்மான்னு சொன்ன?" என்றேன்.

"நீதான் வெளிய சொல்லவே வெக்கப்படுவியே. எப்படியும் சொல்லமாட்டேன்னு நெனச்சேன்டி."

வேலை அவளுக்குக் கிடைத்தது.

வீட்டில் அம்மா, "என்ன கண்ணு கேட்டாங்க?" என்றாள்.

"உன்னப் பத்திதாம்மா பேச்சு."

"என்னப் பத்தியா?" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பேசியது யார் என்று நான் சொல்லவில்லை.

ரேகாவை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆனால் அடுத்துப் போன நேர்காணலில், யாரும் கேட்பதற்கு முன்பே அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.