பள்ளிகொண்டாவைத் தாண்டாத பஸ்

எனக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது அம்மாவுக்கு நைட் டியூட்டி போட்டார்கள். அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங். அதுவரை அம்மா காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். இப்போது நான் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் சர்ச்சில் யாரோ ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஜெபக் கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பி வர்றது கர்த்தர் கையில இருக்குது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மாவும் அங்கேதானே போகிறாள்? அவள் பகலில் போனபோது வேலைக்குப் போனாள். ராத்திரியில் போகும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. காலையில் அவள் வந்து நின்றாலும் என் பயம் தீரவில்லை. அன்றைய ராத்திரி மறுபடியும் புதிதாக வந்துவிடும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தூங்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்பா விடாப்பிடியான மனிதர். ஷூவில் ஒரு தையல் பிசகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார் என்று அம்மா சொல்வாள். அதே பிடிவாதத்தோடு என்னைத் தூங்கவைக்க முனைந்தார். பால் காய்ச்சிக் கொடுத்தார். முதுகில் தட்டினார். கீர்த்தனை பாடினார். சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரல்காரர்களோடு நிற்பவர் என்பதால் அவருக்குப் பாட்டில் அவர்கள் பாடும் கீழ்க்குரல் மட்டும்தான் தெரியும். பாட்டின் மெட்டு வேறு யாரிடமோ இருந்தது. நான் கண்ணை அகல விழித்தபடி கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு, என் பக்கத்தில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒரு ஊர்ல ஒரு பாப்பா இருந்துச்சாம்."

"எந்த ஊரு?"

"ஆம்பூரு."

"அது நான்தானே?"

"நீ இல்ல, இது வேற பாப்பா. அவளுக்கும் முன்னாடி ரெண்டு பல்லு கெடையாது. அவங்க அம்மாவும் வேலூர்லதான் வேலை."

"அவளுக்கும் தூக்கம் வராதா?"

"எங்க வருது? ஒரே பேஜார் அவளோட."

என்னைப் போலவே ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மா நல்லா இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வர பஸ் ஏறுவாள். சின்னப் பெண் என்பதால் அவளுக்கு டிக்கெட் கிடையாது. அப்பா ஒரு நிறுத்தத்தைக்கூட விடமாட்டார். சோலூரில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு தாத்தா ஏறுவார். மாதனூரில் ஷூ கம்பெனிப் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு இறங்குவார்கள். அகரம்சேரியில் ஒரு ஆடு குறுக்கே வரும். அப்புறம் பள்ளிகொண்டா.

"அங்க சாமியே படுத்துத் தூங்கிட்டு இருக்காரு. அதனால டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டாரு. பஸ்ஸுக்குள்ள லைட்டைக் கம்மி பண்ணிடுவாரு. எல்லாரும் மெதுவா மூச்சு வுடுவாங்க..."

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் ரங்கநாதர் செய்த அந்த உதவியை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அப்பா இல்லை. நான் பள்ளிகொண்டாவில் தூங்கிப்போனேன்.

அடுத்த நாளும் அங்கேதான் தூங்கினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. காலையில் எழுந்ததும் அப்பாவிடம் ஓடுவேன்.

"அவ அம்மாவைப் பாத்துட்டாளா?"

"நீதான் தூங்கிட்டியே. இன்னிக்கு ராத்திரி சொல்றேன்."

ராத்திரி பஸ் மறுபடியும் ஆம்பூரிலிருந்தே புறப்படும். நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்லக் கேட்டால், "பாதி வழியில பஸ் ஏற முடியுமா?" என்பார். நான் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டவே இல்லை. மெல்ல எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பாப்பா போய்ச் சேரும்போது அங்கே அவள் அம்மா இல்லையோ? அதனால்தான் அப்பா முடிவைச் சொல்லாமல் ஒளிக்கிறாரோ?

நானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பா கம்பெனியிலிருந்து வரும்வரை பக்கத்து வீட்டு அக்காதான் என்னைப் பார்த்துக்கொள்வார். அன்று அவர் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் யூனிஃபார்மோடு நழுவி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இரண்டு பிள்ளைகளோடு வேலூர் பஸ்ஸில் ஏறிய ஒரு அம்மாவின் பின்னால் மூன்றாவது பிள்ளையாக ஏறிக்கொண்டேன். கண்டக்டர் கேட்கவில்லை. கதையில் சொன்னபடியே நடக்கிறது என்று நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

ஆனால் சோலூரில் கத்தரிக்காய்த் தாத்தா ஏறவில்லை. அகரம்சேரியில் ஆடு வரவில்லை. பள்ளிகொண்டாவில் டிரைவர் ஊரே அதிரும்படி ஹாரன் அடித்தார். அப்பா சொன்னது ஒன்றும் சரியில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே, வழக்கம்போல, அங்கே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது வெளியே இருட்டாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவும் பிள்ளைகளும் எப்போதோ இறங்கியிருந்தார்கள். இது கதையில் வரும் பஸ் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்டக்டர் என் முன்னால் குனிந்து நின்றார்.

"யாரு கூட வந்த பாப்பா?"

"நான் மட்டும்தான். அம்மாவைப் பாக்கப் போறேன்."

"அம்மா எங்க?"

"ஆஸ்பத்திரில."

அவர் முகம் மாறிவிட்டது. "அய்யோ, இன்னாச்சும்மா அவங்களுக்கு?"

"நைட் டியூட்டி."

அவர் என் கழுத்தில் தொங்கிய பள்ளிக்கூட அட்டையிலிருந்த நம்பருக்கு போன் போட்டார். "சார், ஒங்க பொண்ணு—" என்று அவர் தொடங்கியதுமே போனுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாராம். அப்பா சொன்ன ஆஸ்பத்திரியின் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரே இறங்கி என்னை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

வாட்ச்மேன் என் கையைப் பிடித்து நீளமான நடைவழியில் அம்மா வேலை பார்க்கும் குழந்தைகள் வார்டுக்குக் கூட்டிப்போனார். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. எனக்கு எட்டாததால் தூக்கிக் காட்டினார்.

அம்மா இருந்தாள். காலில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒரு பையனின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெரிய விளக்குகளை அணைத்திருந்தார்கள். வாட்ச்மேன் கதவை மெதுவாகத் திறந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

"...ஆம்பூர்ல ஒரு பாப்பா இருக்குது. ஒன்ன மாதிரிதான், சின்னது. அவங்க அம்மா ராத்திரி வேலைக்குப் போய்டுவாங்க. அது அழவே அழாது. சமத்தா சாப்ட்டுட்டு, ஜெபம் பண்ணிட்டு, தானே தூங்கிடும்."

அந்தப் பையன் வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவன் போர்வையை இழுத்துவிட்டாள். ஆனால் கதையை நிறுத்தவில்லை.

"போர்வையை மட்டும் ஒதைச்சுத் தள்ளிடும். காலையில அவங்க அம்மா வந்து பாத்தா, காலு ரெண்டும் வெளியதான் இருக்கும். சில்லுன்னு இருக்கும். ஆனா அழுதிருக்காது..."

எனக்குத் தாங்கவில்லை. அத்தனையும் பொய்.

"ம்மா! நான் அழுவேன்!" என்று கத்தினேன்.

இரண்டு குழந்தைகள் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. அம்மா ஓடிவந்தாள். முதலில் என் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கப்புறம்தான் கட்டிக்கொண்டாள், எலும்பு நோகும்படி கட்டிக்கொண்டாள்.

அப்பா கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பைக்கில் வந்து சேர்ந்தார். என்னைத் தூக்கி வைத்துக்கொண்டவர் இறக்கவே இல்லை. நான் நடந்ததைச் சொல்லக் கேட்டு அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"புள்ளைக்கு இன்னா கதைங்க சொல்லிவெச்சீங்க?"

"அந்தக் கதை இன்னும் வேலூருக்கே வந்து சேரல. அதுக்குள்ள இவ வந்துட்டா" என்றார் அப்பா.

நைட் டியூட்டி வேண்டாம் என்று நாளைக்கே கேட்டுவிடுவதாக அம்மா சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார், விளக்கு எரிகிறது. நான் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். "நீ போய்ட்டு வாம்மா" என்று பெரிய மனுஷியாக உத்தரவு கொடுத்தேன். அம்மா அந்த முறை டியூட்டியை முழுவதும் பார்த்தாள், நானும் தூங்கினேன். தனியாக வாசற்படி தாண்டுவதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அப்பா மறுநாளே கதையை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு பாப்பா வீட்டிலேயே இருந்தாள். காலையில் அவள் அம்மாதான் வேலூரில் பஸ் ஏறினாள். பொய்கை, விரிஞ்சிபுரம் என்று அந்தப் பஸ் வரும். அதுவும் பள்ளிகொண்டாவைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

அன்று வீடு திரும்பும்போது அப்பா என்னை பைக்கில் தனக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். ஹைவேயில் லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. வார்டில் பார்த்ததிலிருந்து ஒரு விஷயம் எனக்குப் பிடிபடாமலே இருந்தது.

"அப்பா, அந்தப் பையன் தூங்கிட்டான். நான் பாத்தேன். அப்பவும் அம்மா கதை சொல்லிட்டே இருந்தாங்க. எதுக்குப்பா?"

அப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். ஒரு கையால் என்னைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"கெட்டியா புடிச்சுக்கோ பாப்பா" என்றார்.

அப்பாவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.