மதகுக்காரர் பொன்னுதுரையும் தாழ்ந்து வந்த படகும்

பொன்னுதுரை யாரையும் முழுதாக நம்பியதில்லை. கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் இன்னொன்றைத் தெற்கு வாசலிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அவர் கட்சி. பால்காரர் எதிரிலேயே பாலை விரலில் தொட்டு உருட்டிப் பார்ப்பார். மனைவி தெய்வானைக்கு அது மானம் போகிற காரியமாக இருக்கும்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர், எல்லாரையும் நம்பியவர். தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ரப்பர் ஷீட்டுகளைக் கடத்தி விற்றுவிட்டுப் பழியை அவர் தலையில் போட்டான். குடும்பமே தட்டுமுட்டுச் சாமானோடு தோட்டத்தை விட்டு வெளியேறி மலாக்காவுக்கு நடந்து வந்தது. அந்த நடையைப் பொன்னுதுரை மறக்கவில்லை.

நகரத்தின் ஓரத்தில் காஜா பேராங்குக்குப் பின்னால், கம்போங் என்கிற மலாய்க் குடியிருப்பு வீடுகளைத் தாண்டி, இரண்டு ஏரிகள் இருந்தன. மேல் ஏரிக்கரையில் அடைக்கப்பச் செட்டியாரின் செங்கல் சூளை. கீழ் ஏரிக்கரையில் சரக்கு ஏற்றி இறக்கும் வண்டித்துறை. இரண்டையும் இணைத்து ஒரு கால்வாயை வெட்டுவித்தவர் செட்டியாரின் தகப்பனார். ஊர் அதை மலாய்ச் சொல்லில் பாரிட் என்றது. முதலில் வெறும் மண்கரைதான். ஒரே மழையில் இடிந்து விழுந்தது. பிறகு செம்புரைக்கல் அறுத்து வந்து இரு கரையிலும் அடுக்கி, சுண்ணாம்பு பூசினார்கள். மேல் ஏரித் தண்ணீர் ஓர் ஆள் உயரம் மேலே நின்றதால், நடுவில் முன்னும் பின்னும் கதவு வைத்து ஒரு மதகும் கட்டினார்கள். கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைக்க வேண்டும். முன்கதவில் தண்ணீர் விடும் கண்ணைத் திறந்தால் தண்ணீர் நிரம்பிப் படகு தானாக மேலேறும். அந்த மதகுக்குக் காவல், பொன்னுதுரை.

சூளைக்கு எரிக்கத் தெங்கேராப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய்மட்டை மேலே போகும். செங்கல் கீழே வரும். படகோட்டிகளில் ஒருவன், மேல் ஏரிப் பக்கம் குடியிருந்த தெய்வானையின் அண்ணன் சேதுபதி.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாதென்று மதகடியிலும் போலீஸ் உட்கார்ந்திருந்தது. ஒரு மலாய்ப் போலீஸ் கோப்பரல் நீண்ட இரும்புக் கம்பியால் ஒவ்வொரு படகையும் மேலோட்டமாகக் குத்திப் பார்த்து அனுப்புவார்.

ஒரு நாள் காலை சேதுபதியின் படகு மதகுக்குள் வந்தபோது பொன்னுதுரைக்கு உறுத்தியது. மட்டை ஏற்றிய படகு தண்ணீருக்கு மேல் மிதப்பாக நிற்கும். இது விளிம்புவரை அமுங்கியிருந்தது.

“மச்சான், படகு ஏன் இப்படித் தாழுது?”

“மட்ட நனஞ்சு போச்சு மாப்பிள்ள.”

பொன்னுதுரை ஒரு மட்டையை எடுத்து முறித்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. சேதுபதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகும் படகு அடிக்கடி அப்படியே வந்தது. மச்சானின் ஒவ்வொரு அசைவையும் பொன்னுதுரை கவனித்தார். போலீசைக் கண்டதும் பீடியை அணைக்கிறான். கேட்காமலே பேசுகிறான். அந்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்த தெய்வானை சொன்னாள்: “என்னமோ சரியில்லங்க. அண்ணி என்னைய வூட்டுப் பின்பக்கம் போக வுடல. ஒரு வாய் தண்ணி குடின்னுகூடச் சொல்லல.”

அரிசிதான் என்று பொன்னுதுரை முடிவு கட்டிவிட்டார். மாட்டிக்கொண்டால் சேதுபதியோடு போகாது. மதகைத் திறந்துவிட்டவனையும் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. மறுநாள் காலை கோப்பரலின் காதில் இரண்டு வார்த்தை போட்டார்.

சேதுபதி வந்தான். கோப்பரல் இந்த முறை கம்பியை ஆழமாக இறக்கினார். ‘ணங்’ என்றது. மட்டைகளை வாரிக் கரையில் எறிந்தார்கள். அடியில் அரிசி இல்லை, தோட்டாவும் இல்லை. வரிசையாகச் செம்புரைக்கற்கள். ஓரங்களில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“வூடு கட்டுறேன்” என்றான் சேதுபதி. “நாடு கைமாறப்போவுது, சொந்தக் கல்லுவூடு இல்லாத தமிழனக் கப்பலேத்தி நாகப்பட்டினத்துல எறக்கிடுவாங்கன்னு சொல்றாங்க. எனக்கு அங்க யாரு இருக்கா? செட்டியார் செங்கல்லத் தொட்டா வேல போயிடும். அதான்...”

கோப்பரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னுதுரை குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தார். அந்தச் சுண்ணாம்பு எந்தக் கரையினுடையது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

“எங்க எடுத்த? சொல்லுடா!”

“கீழ வளைவுல.”

எல்லாரும் ஓடினார்கள். வளைவில் தண்ணீருக்கு மேலே கல் இருந்த இடமெல்லாம் பல் விழுந்த ஈறாக இருந்தது. கரைக்கு அப்பால், கம்போங் வீடுகள் இருந்த பள்ளத்தை நோக்கிச் சேற்றுநீர் கசிந்துகொண்டிருந்தது. கால் வைத்த இடம் சதசதவென்று உள்ளே போனது. பொன்னுதுரை திரும்பி ஓடி மதகின் மேல்கதவை இறுக்கினார். கால்வாயில் நின்ற தண்ணீரைக் கீழ் ஏரிக்கு வடியவிட்டார்கள். போலீஸ்காரர்களும் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மண் சுமந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கரை நின்றது.

சேதுபதியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விசாரித்து விட்டுவிட்டார்கள். செட்டியார் அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பாதி எழும்பிய சுவரை அவனே பிரித்து, கல் கல்லாகக் கொண்டுவந்து கரையில் அடுக்கினான். பலகை வீட்டிலேயே இருந்தான். கோப்பரல் அன்றைக்கு மட்டும் ஏன் ஆழமாகக் குத்தினார் என்பது அவனுக்கு விளங்காமல் இல்லை.

தெய்வானை கணவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

பொன்னுதுரை விளக்கை எடுத்துக்கொண்டு மதகைப் பார்க்கப் போனார்.

அதிலிருந்து சேதுபதி படகோடு மதகுக்குள் வந்தால் பொன்னுதுரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். தண்ணீர் நிரம்பும்வரை இருவரும் கையெட்டும் தூரத்தில் பேசாமல் இருப்பார்கள். நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்பது அந்த நாட்களில்தான் பொன்னுதுரைக்கு உறைத்தது. அப்படியே வருஷங்கள் போயின.

சுதந்திரம் வந்தது. யாரையும் கப்பலேற்றவில்லை. நகரத்தில் பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் குடியுரிமைக்குப் பதிந்தார்கள். நெடுநாள் இங்கே இருந்தவன் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். செட்டியார் இந்தியாவுக்குச் சொந்த ஊருக்கே போய்விட்டிருந்தார். ஒரு காலை சேதுபதி மதகடிக்கு நடந்து வந்தான்.

“எனக்குச் சாட்சி சொல்லணும்.”

“சொல்றேன் மச்சான்.”

“நீ என்ன சொல்லப்போறேன்னு மொதல்ல எங்கிட்டச் சொல்லு.”

பொன்னுதுரை சொன்னார். சேதுபதி இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் அதிகாரி, இவர் எப்படிப்பட்ட ஆள் என்று மலாயில் கேட்டபோது, சேதுபதி அதிகாரியைப் பார்க்கவில்லை. பொன்னுதுரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல ஆள். எனக்குத் தெரியும்” என்றார் பொன்னுதுரை.

திரும்பும்போது சேதுபதி சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தான். காஜா பேராங் முனையில் நின்றான். “ஞாயித்துக்கெழம தங்கச்சியச் சாப்பிட வரச் சொல்லு.” கொஞ்சம் நடந்துவிட்டு, “நீயும் வா” என்றான்.

எதற்காகக் கூப்பிடுகிறான், மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று பொன்னுதுரை வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார். தெய்வானையிடம் சொன்னபோது அவள் பெட்டியைத் திறந்து நல்ல புடவையை வெளியே எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள்.