பூட்ஸும் வெறுங்காலும் ஒரு மழையும்

கால்பந்து மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவன், பந்து உருளாவிட்டாலும் திட்டு வாங்குவான், கூடுதலாக உருண்டாலும் வாங்குவான். ஏதாவது ஒரு பொது இடத்தைக் கட்டி மேய்த்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் எனக்கு அந்த உத்தியோகம். ஒரு புரட்டாசியில் கோப்பைப் போட்டியின் எங்கள் பிரிவு ஆட்டங்கள் அங்கே நடந்தன. மதுரை, திருச்சி, பெங்களூர், கொழும்பு என்று நான்கு குழுக்கள். ஒருவரோடு ஒருவர் மோதி, முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். கொழும்புக்காரர்கள் கப்பலேறி வந்ததால் நோட்டீஸில் 'சர்வதேச' என்று தாராளமாக அச்சடித்துவிட்டார்கள்.

கால் பரீட்சை

கொழும்புக்காரர்களுக்குப் பூட்ஸ் உண்டு, அவர்கள் பேச்சில் சப்பாத்து. எங்கள் பையன்களுக்கு வெறுங்கால்தான், கணுக்காலில் ஒரு துணிக்கட்டு. கோலுக்கு முன்னே தடுத்து நிற்கும் பேக் கருப்பையா உசிலம்பட்டிக்காரன். மானாவாரிக் காட்டில் அப்பாவோடு ஏர் பிடித்து வளர்ந்தவன்.

கொழும்புக் கேப்டன் யாழ்ப்பாணத் தமிழர். கருப்பையாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பிச் சொன்னார்: "எங்கட சப்பாத்துகளுக்குத்தான் பயமாக் கிடக்கு."

தோற்றவர் திரும்பி வந்தது

திருச்சியோடு சமன் செய்தோம், பெங்களூரை வென்றோம். தோற்ற பெங்களூர் இரண்டு நாள் கழித்து மறுபடி மைதானத்தில் இறங்கியதும் கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்றால் மூட்டை கட்டுவதுதான் ஊரறிந்த வழக்கம்.

தினமும் ஆட்டம் பார்க்க வரும் கலெக்டர் கச்சேரிக் குமாஸ்தா ஒருவருக்கு லீக் முறையை விளக்கினேன். அவர் சொன்னார்: "நம்ம ஆபீஸ்லயும் இப்படி வச்சா நல்லாருக்கும் சார், ஒரு தப்புக்கு ஒரேயடியா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

அரை ஈரம்

அடுத்தது கொழும்போடு. தோற்காமல் இருந்தாலே எங்களுக்கு இடம் உறுதி. வெறுங்காலுக்குக் காய்ந்த தரை வேண்டும், பூட்ஸுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். தண்ணீர் வண்டியை உள்ளே விடாதே என்றார் எங்கள் குழுச் செயலாளர், ஒரு வக்கீல். லேசாகத் தெளித்துவிடுங்கள் அண்ணை என்று கெஞ்சினார் கொழும்புக் கேப்டன்.

வந்தவர் மனமும் நோகக்கூடாதே என்று ஒரு பாதிக்கு மட்டும் தெளித்தேன். எப்படியும் இடைவேளையில் இடம் மாறுவார்களே. செயலாளர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "நீ சத்திரம் நடத்தப் போய்யா. யாரு என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது உனக்கு."

மேற்கே மேகம்

அன்று மத்தியானம் மேற்கே கறுத்தது. மழை வரக்கூடாது என்று எல்லாரும் மீனாட்சியை வேண்டிக்கொள்ளச் சொன்னார் செயலாளர். கருப்பையா மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். உசிலம்பட்டியில் அவன் அப்பா சோள விதையை எடுத்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே ஒரு வருஷம் மழை பொய்த்துப் போயிருந்தது. இந்த முறையும் போனால் அவர் ஆள் பிடிக்கும் கங்காணியோடு மலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போக வேண்டியதுதான்.

இடைவேளை வரை நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். பிறகு மழை கொட்டியது. எங்கள் பையன்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள், கொழும்பு இரண்டு போட்டது. இனி மறுநாள் திருச்சி ஜெயிக்காமல் இருந்தால்தான் எங்களுக்கு இடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சேறு வழிய வந்த கருப்பையா, ஊர்ப் பக்கமும் பெய்கிறதா என்று கேட்டான். உசிலம்பட்டி ரோட்டில் செக்கானூரணி தாண்டியும் பிடித்து அடிக்கிறதாம், இப்போது வந்த பஸ் டிரைவர் சொன்னார் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாளைக்குத் திருச்சிக்காரன் கெலிச்சாலும் போகட்டும்ணே, எங்கய்யா ஏரைப் பூட்டிருவாரு."

மறுநாள் திருச்சி கோட்டை விட்டது, நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போனோம், எங்கள் பேக் கருப்பையாவோ சோளம் விதைக்கப் போயிருந்தான். எல்லார் ஆசையும் ஒரே நேரத்தில் பலித்தால் திட்டுக்கூட யாரிடம் வாங்குவதென்று மைதானக்காரனுக்குத் தெரிவதில்லை.