முதலில் மூன்று சாக்கு படி

சலவை இயந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஒன்பது வருடம் போன் எடுத்தவள் அவள். வராமல் போன மெக்கானிக்குகள் சொன்ன சாக்குகள் அத்தனையும் மனப்பாடம். வேலை போன பிறகு ப்ரோகிராமிங் கற்று, அந்தச் சாக்குகளையே விளையாட்டாக்கினாள். வாரம் ஒரு இக்கட்டு வரும். ஆளுக்கொரு சாக்கு எழுத வேண்டும். சிரிப்பு வந்த சாக்குக்கு மற்றவர்கள் ஓட்டுப் போட வேண்டும். எழுதவும் வேண்டும், ஓட்டும் போட வேண்டும். அப்போதுதான் ஆடியதாகக் கணக்கு.

ஒரு சமூக ஊடகத் தளத்தின் மேலாளர் அந்த விளையாட்டுக்கு நான்கு வாரம் இடம் கொடுத்தார். அதற்குள் ஒரு சுற்றிலாவது முந்நூறு பேர் ஆட வேண்டும். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது வாரம் நானூறு பேர் எழுதினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் பதினொரு பேர். அதில் ஒருத்தி அவள் நாத்தனார்.

"எல்லாருக்கும் வாய் இருக்கு அண்ணி. காதுதான் ஒருத்தருக்கும் இல்ல" என்றாள் நாத்தனார்.

அதைக் கேட்டு அவள் அன்றே விளையாட்டில் ஒரு விதி சேர்த்தாள். மற்றவர்களுடைய சாக்கு மூன்றைப் படித்து ஒன்றுக்கு ஓட்டுப் போட்டால்தான் தன்னுடையது வெளியே தெரியும்.

மேலாளர் கூப்பிட்டார். "கேட்டைப் பூட்டிட்டு விருந்துக்குக் கூப்பிடுறீங்க. ஓடிடுவாங்க."

"ஓட மாட்டாங்க சார். தன் முறை வரும்னு தெரிஞ்சா எவ்வளவு நேரமானாலும் லைன்ல இருப்பாங்க. பாத்திருக்கேன்."

கடைசிச் சுற்று சனிக்கிழமை காலை தொடங்கியது. அந்த வார இக்கட்டு: முதலாளியின் காணாமல் போன பூனை உங்கள் மடியில் இருக்கிறது. முதலாளி உள்ளே வருகிறார். மதியம் வரை ஆடியவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர். நாத்தனார் துணி தேய்த்துக்கொண்டே எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு இருநூற்று எழுபது. அப்போது மேலாளரிடமிருந்து போன். தானும் ஒன்று எழுதியதாகவும் அது தெரியவே இல்லை என்றும் சொன்னார். ஏதோ கோளாறு என்றார். அவள் திரையில் அவர் கணக்கைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் படிச்சிருக்கீங்க. இன்னும் ரெண்டு இருக்கு சார்."

மீட்டிங் இருந்தது, கண்ணாடி வீட்டில் இருக்கிறது, திரை சின்னது என்று அவர் அடுக்கினார். பழைய வேலையில் கேட்டதைப் போலவே குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, படியுங்கள், லைனிலேயே இருக்கிறேன் என்றாள்.

அவர் படிக்கத் தொடங்கினார். பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுப் படித்தார்: "காணாமப் போனது நான்தான் சார். பூனைதான் கண்டுபிடிச்சுது."

அதற்குள் அவள் திரையில் எண்ணிக்கை முந்நூற்று நான்கு.

"சரி, விளையாட்டு இருக்கட்டும். அந்த விதியும் இருக்கட்டும்" என்றார் மேலாளர்.

"நல்லது சார். ஆனா நீங்க இன்னும் ஓட்டுப் போடல."